அவசரம்: எஸ்.வி.ஆர். 1874 வருது, விடையில 1200. எங்க பிழை?

வாவிமீன், இரவு 9.12
நாளைக்குக் காலமை டியூட்டோரியல். எஸ்.வி.ஆர்., அதாவது உடம்பில உள்ள இரத்தக் குழாய்கள்ர மொத்தத் தடை, இதயம் அந்தத் தடைக்கு எதிரா எவ்வளவு அடிக்குது எண்டு கணக்குப் பார்க்கிற கேள்வி. மூண்டு தரம் செஞ்சுட்டன், 1874தான் வருது. சமன்பாடு சரி: சராசரி பிரஷர்ல சி.வி.பி.ய (இதயத்துக்குத் திரும்பி வாற பெரிய நாளத்து அழுத்தம்) கழிச்சு, அவுட்புட்டால (இதயம் நிமிசத்துக்கு வெளியேத்துற இரத்தம்) பிரிச்சு, 80ஆல பெருக்கிற. ஆராச்சும் கெதியா சொல்லுங்க, கரண்ட் வேற போய்ப்போய் வருது.

கல்லடிக்காரன், 9.20
கேள்வியப் போடாம விடைய மட்டும் போட்டா நாங்க என்ன சாத்திரமா பார்க்கிற? பிரஷர் எத்தன? சி.வி.பி. எத்தன? அவுட்புட் எத்தன?

பழையவார்ட், 9.24
தம்பி, "சமன்பாடு சரி" எண்டு சொல்ற ஆக்கள்தான் கூடுதலாப் பிழை விடுற. சராசரி அழுத்தம் எண்டா மேலயும் கீழயும் கூட்டி ரெண்டால பிரிக்கிறதில்ல. கீழ் அளவோட வித்தியாசத்தில மூண்டில ஒண்டக் கூட்டணும். இதயம் சுருங்கிறத விட விரிஞ்சு கிடக்கிற நேரம்தான் கூட. அடிப்படைய முதல்ல படிச்சிட்டு வாங்க.

வாவிமீன், 9.27
தம்பி இல்ல, தங்கச்சி. அது தெரியும். 120/75, அப்ப 90. சி.வி.பி. 8.

சம்மாந்துறைவயல், 9.31
பிரஷர் அளந்ததுதான் பிழையா இரிக்கும். பெரிய கைக்குச் சின்ன கஃப் (பிரஷர் பார்க்கக் கையில சுத்துற பட்டி) கட்டினா கூடக் காட்டும். எங்கட வாப்பாக்கும் இப்படித்தான்.

கல்லடிக்காரன், 9.33
நானா, இது தாள்ல உள்ள நோயாளி. கையே இல்ல.
தங்கச்சி, அவுட்புட்ட இன்னும் சொல்லல்ல. பரவால்ல, 1874ல இருந்து பின்னால போய்ப் பார்த்தன்: 90ல 8 போனா 82, அத 80ஆல பெருக்கி 1874ஆல பிரிச்சா 3.5. அந்த 3.5க்குப் பக்கத்தில சதுர மீற்றர் எண்டு கிடக்கா?

வாவிமீன், 9.36
ஓம் கிடக்கு!! மேல உடல் மேற்பரப்பு 1.6 எண்டும் இருக்கு. சும்மா தந்திருக்கு எண்டு நினைச்சன்.

கல்லடிக்காரன், 9.40
சும்மா தரமாட்டாங்க. அது அவுட்புட் இல்ல, இண்டெக்ஸ், அதாவது உடல் மேற்பரப்பில ஒரு சதுர மீற்றருக்கான அவுட்புட். 1.6ஆல பெருக்கினா நிமிசத்துக்கு 5.6 லீற்றர். இப்ப 1171 வரும். இன்னும் 29 குறையுது. சி.வி.பி. 8 எந்த அலகில?

பழையவார்ட், 9.44
அந்த 80 எங்க இருந்து வந்தது எண்டு ஒருத்தரும் கேட்கல்ல. ஒரு மி.மீ. இரசம் எண்டா சதுர சென்ரிமீற்றருக்கு 1333 டைன். நிமிசத்துக்கு ஒரு லீற்றர் எண்டா செக்கனுக்கு 16.67 மில்லிலீற்றர். முதலாவத ரெண்டாவதால பிரிச்சுப் பாருங்க, 80 வரும். அதோட, எஸ்.வி.ஆர அளக்கிற கருவியே இல்ல. 1970ல ஸ்வானும் கான்ஸும் எண்ட வைத்தியர்கள் பத்தி எழுதின பலூன் கதீற்றர் (நுனியில பலூன் உள்ள, இதயத்துக்குள்ளால விடுற மெல்லிய குழாய்) அழுத்தத்தத்தான் தந்தது, பிறகு குளிர்ந்த திரவம் விட்டு ஓட்டத்தையும் பார்த்தாங்க. தடை நாம போடுற கணக்கு. மூண்டு அளவில ஒண்டு பிழைச்சாலும் விடை பிழைக்கும்.

சம்மாந்துறைவயல், 9.47
அதத்தானே நானும் சொன்ன, பிரஷர் பிழைச்சா எல்லாம் பிழை எண்டு. வயலுக்குத் தண்ணி இறைக்கிற பம்பப் பாருங்க. குழாய்ட விட்டத்தப் பாதியாக்கினா தடை 16 மடங்கு. பம்பு முக்கும். இதயமும் அப்படித்தான்.

பழையவார்ட், 9.52
16 மடங்கு ஒரே சீரா ஓடுற ஓட்டத்துக்கு. இதயம் விட்டு விட்டு அடிக்குது, குழாயும் ரப்பர் மாதிரி விரியும். அதோட அயோட்டிக் வால்வு (இதயத்தில இருந்து பெருநாடிக்குப் போற வாசல்) சுருங்கின ஆளுக்கு எஸ்.வி.ஆர். சாதாரணமா இருந்தாலும் இடது வென்ட்ரிக்கிள் (இதயத்திர இடது கீழறை) கஷ்டப்படும். இந்தத் தடையும் இதயத்திர சுமையும் ஒண்டில்ல.

சம்மாந்துறைவயல், 9.55
வால்வும் பம்பு வாயிலதானே இரிக்கி? அதுவும் தடைதான்.

பழையவார்ட், 9.58
சமன்பாட்டில பிரஷர் எடுக்கிறது வால்வுக்கு அங்கால, நாடியில. வால்வுட தடை அதுக்குள்ள வராது. இதத்தான் சொல்றன், பம்ப விட்டுட்டுப் புத்தகத்தத் திறங்க.

வாவிமீன், 10.03
சி.வி.பி. சென்ரிமீற்றர் தண்ணி. இப்பதான் கண்டன்.

கல்லடிக்காரன், 10.05
இரசம் தண்ணிய விட 13.6 மடங்கு பாரம். 80 மில்லிமீற்றர் தண்ணிய 13.6ஆல பிரிச்சா கிட்டத்தட்ட 6. தொண்ணூறுல ஆறு போனா 84, 5.6ஆல பிரிச்சா 15, அத 80ஆல பெருக்குங்க. வார்ட்டில தண்ணிக் குழாயில பார்த்து எழுதின சி.வி.பி.ய அப்படியே தூக்கிப் போடுறது எல்லாரும் விடுற பிழைதான்.

வாவிமீன், 10.09
1200. வந்துட்டு. நன்றி அண்ணா

சம்மாந்துறைவயல், 10.31
அது சரி, வாப்பாட கஃப்புக்கு என்ன செய்ற?

கல்லடிக்காரன், 10.40
மேற்கையிட சுத்தளவ டேப்பால அளந்து, கஃப்பில போட்டிருக்கிற அளவோட பாருங்க நானா. அதுக்குள்ள வராட்டி பெரிசு வாங்குங்க.