நாளுக்கு 3 நிமிடம் முந்தி ஓடிய மணிக்கூடு: உங்கள் உத்தரவாத அனுபவங்களையும் எழுதுங்கள்

கல்லடிக் கணக்கு வாத்தியார்

31 வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றபோது, கட்டாரில் இருக்கும் என் அத்தான் ஒரு சுவிஸ் மணிக்கூடு அனுப்பிவைத்தார். பற்றரி இல்லாதது, கை அசைய அசையத் தானாகவே சாவி ஏறிக்கொள்ளும் வகை. விலையை அவர் சொல்லவில்லை. அக்கா சொன்னாள். கேட்டபிறகு இரண்டு நாள் அதைக் கட்டப் பயந்து அலுமாரிக்குள் வைத்திருந்தேன்.

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. நாளுக்கு 4, 5 விநாடி கூட ஓடும். அதைக் கொப்பியில் குறித்துவைப்பது என் வழக்கம். கடந்த மார்கழியில் ஒரு நாள் காலை பார்த்தால் 3 நிமிடம் முந்தியிருக்கிறது. மறுநாள் மேலும் 3 நிமிடம். ஒரு கிழமைக்குள் கோயில் நடை திறக்கமுன்பே வாசலில் போய் நிற்கும் பக்தனாகிவிட்டேன்.

பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருந்து மணிக்கூடு திருத்துபவர் என்னிடம் படித்தவர். கணக்கில் 35 புள்ளிக்கு மேல் எடுத்த நினைவு எனக்கு இல்லை. கண்ணில் வில்லையைச் செருகிப் பார்த்தார். பின்மூடியைத் தொடவேயில்லை. லாச்சியைத் திறந்து ஒரு திசைகாட்டியை எடுத்து மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். முள் ஆடியது.

"சேர், இதற்குள் காந்தம் ஏறியிருக்கிறது. மூடி கழற்றத் தேவையில்லை, காந்தம் இறக்கும் கருவி என்னிடம் இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. ஆனால் உத்தரவாதம் உள்ள சாமான். நீங்கள் சொன்னால் மட்டும் செய்கிறேன்" என்றார்.

நான் சொல்லவில்லை. 2 வருட உத்தரவாதம் இருக்கும்போது நான் ஏன் ஊருக்குள் திருத்த வேண்டும்? அதுவும் 35 புள்ளிக்காரனிடம்? இரவு ரயிலில் ஏறி, விடியும்போது கொழும்புக் கோட்டையில் இறங்கி, கொம்பனி முகவரின் கடை திறக்கும்வரை தேநீர் குடித்துக் குடித்து நேரத்தைப் போக்கினேன். கையில் இருந்த மணிக்கூட்டின்படி கடை அன்றைக்கு வெகு தாமதமாகத் திறந்தது.

மேசையில் இருந்த பிள்ளை மரியாதையானவர்தான். ஆனால் தமிழ் தெரியாது. என் சிங்களம் சந்தைக்குப் போதும், மணிக்கூட்டுக்குப் போதாது. அட்டையைத் திருப்பிப் பார்த்தார். கட்டார்க் கடையின் முத்திரை இருந்தது. விற்ற திகதி எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. எட்டு மாதமாக அந்த அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பாதுகாத்தவன் நான். ஒருநாளாவது அதை வாசித்துப் பார்க்கவில்லை.

பற்றுச்சீட்டு வேண்டும் என்றார்கள். அத்தான் அதைத் தேடிக் கண்டுபிடிக்க 17 நாள். கார் ஆசனத்துக்கு அடியில் கிடந்ததாம். வட்ஸ்அப்பில் வந்த படத்தை அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். அதன்பிறகு ஆறு கிழமை. கடைசியில் தொலைபேசியில் சொன்ன விடை: காந்தம் ஏறியிருக்கிறது, இது உற்பத்திக் குறை அல்ல, ஆகவே உத்தரவாதத்துக்குள் வராது, பரிசோதனைக் கட்டணம் 6,500 ரூபாய். மீண்டும் இரவு ரயில், காந்தம் இறக்கிய மணிக்கூட்டோடு.

காந்தம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிட்டது. மகன் வாங்கித் தந்த கைபேசி உறையின் மடிப்பில் காந்தம் இருக்கிறது. இரவில் மணிக்கூட்டைக் கழற்றி அதன்மேல்தான் வைப்பேன், மேசையில் கீறல் படக்கூடாது என்று.

என் கதை இது. இனி உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

காத்தான்குடி வியாபாரி

சேர், உங்களுக்கு 6,500 ரூபாயோடு போயிற்று. எனக்கு உத்தரவாதமே போனது.

என்னுடையது பற்றரி மணிக்கூடு. அதுவும் சுவிஸ்தான். பற்றரி முடிந்தபோது கொழும்புக்கு அனுப்பச் சோம்பல்பட்டு, பக்கத்துக் கடையில் 400 ரூபாய்க்கு மாற்றினேன். மூடிக்குள் ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருக்கிறது. அது பழுதாகியிருந்தால் புதிதாகப் போட்டு, எண்ணெய் தடவி மூட வேண்டும். பழையதையே அமுக்கி மூடிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்துக் கடலில் குளித்தேன். கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிந்து முள் தெரியவில்லை.

கொழும்பில் பின்மூடியில் இருந்த கீறலைக் காட்டி, வெளியாள் திறந்திருக்கிறார் என்று கையை விரித்துவிட்டார்கள். நான் என்ன சொல்ல? அட்டையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கோபம் வந்தது, அதில் பாதி என் மேல்.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. முகப்பில் 30 மீற்றர் என்று போட்டிருந்தால் 30 மீற்றர் ஆழத்துக்குக் கட்டிக்கொண்டு போகலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது ஆய்வுகூடத்தில் அசையாத நிலையில் அழுத்தம் கொடுத்துப் பார்த்த கணக்காம். கை கழுவலாம், மழையில் நனையலாம், நீந்தக்கூடாது. நீந்துவதற்கு 100 மீற்றர் போட்டது வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் 30 மீற்றர் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு ஒல்லிக்குளத்திலும் கடலிலும் பாய்கிறார்கள். சொன்னால் யார் கேட்கிறார்கள்.

அக்கரைப்பற்றுக் காக்கா

நான் வளைகுடாவில் ஒரு மணிக்கூட்டுக் கடையில் 6 வருடம் மேசைக்கு உட்புறம் நின்றவன். அந்தப் பக்கத்துக் கதையையும் கேளுங்கள்.

வாத்தியாரின் மாணவருக்கு ஒரு சலாம். அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் சரி. மணிக்கூட்டுக்குள் தலைமயிர் அளவு மெல்லிய ஒரு சுருள் கம்பி இருக்கிறது. அது சுருங்கி விரிவதுதான் மணிக்கூட்டின் மூச்சு. இப்போதைய சுவிஸ் இயந்திரங்கள் பலவற்றில் மணித்தியாலத்துக்கு 28,800 அசைவு, அதாவது விநாடிக்கு 8. காந்தம் ஏறினால் சுருளின் வட்டங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் கம்பி நீளம் குறைந்ததுபோல் ஆகிவிடும். கட்டையான ஊஞ்சல் விரைவாக ஆடுமே, அதேபோல் அசைவு கூடும். மணிக்கூடு நிமிடக் கணக்கில் முந்தும். ஒரு மணிக்கூடு திடீரென்று நிமிடக் கணக்கில் முந்தினால் கடைக்காரன் முதலில் எடுப்பது திசைகாட்டியைத்தான்.

காந்தத்தைத் தாங்கும் என்று எழுதிய மணிக்கூடுகளும் உண்டு. ஆனால் சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ 764 கேட்பது மீற்றருக்கு 4,800 அம்பியர் மட்டும். காந்தப் புலத்தை அளக்கும் கவுஸ் கணக்கில் ஏறக்குறைய 60. கைபேசி உறைக் காந்தத்தோடு ஒட்டவைத்தால் அதை எளிதில் தாண்டிவிடும். ஒமேகாவின் மாஸ்டர் குரோனோமீற்றர் வகை 15,000 கவுஸ் தாங்கும் என்று பரிசோதிக்கப்பட்டது; அதற்குள் காந்தம் பிடிக்காத சிலிக்கன் சுருள். எல்லா மணிக்கூட்டிலும் அது இருக்கும் என்று நம்பாதீர்கள்.

கால அளவும் கொம்பனிக்குக் கொம்பனி வேறு. ரோலெக்ஸ் 2015 ஜூலை முதல் விற்றவற்றுக்கு 5 வருடம் கொடுக்கிறது. ஒமேகா 2018 நவம்பர் முதல் 5 வருடம். 2 வருடத்தோடு நிற்கும் கொம்பனிகள் நிறைய. எத்தனை வருடமானாலும் வார், கண்ணாடி உடைவு, நீங்கள் கீழே போட்டது ஆகியவை பொதுவாக அதற்குள் வராது.

எங்கள் மேசையில் அடிக்கடி நடந்த சண்டை எது தெரியுமா? "இத்தனை விலை கொடுத்தேன், நாளுக்கு 6 விநாடி கூட ஓடுகிறது" என்று வருவார்கள். துல்லியத்துக்குக் கொடுக்கும் சுவிஸ் குரோனோமீற்றர்ச் சான்றிதழ் வாங்கும் இயந்திரத்துக்கே நாளுக்கு 4 விநாடி பிந்தலாம், 6 விநாடி முந்தலாம் என்றுதான் எல்லை. இரண்டாயிரம் ரூபாய்ப் பற்றரி மணிக்கூடு இதைவிடச் சரியாக ஓடும். அதைச் சொன்னால் வாடிக்கையாளரின் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்.

திகதி எழுதாத அட்டை என்பது கடைக்காரரின் தவறு, வாத்தியாரே. கூட்டம் கூடிய நேரத்தில் முத்திரையைக் குத்திவிட்டு எழுத மறப்பார்கள். உங்கள் அத்தான் அங்கேயே திறந்து பார்த்திருக்க வேண்டும்.

கல்முனைத் தம்பி

நான் ஏமாந்த கதை சிறியது. "கொம்பனி உத்தரவாதம் உண்டு தம்பி" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் கடையின் விசிட்டிங் கார்டுக்குப் பின்னால் '1 வருடம்' என்று பேனையால் எழுதி ஒரு கையெழுத்து. மூன்றாம் கிழமை சாவிக் குமிழ் கழன்று கையோடு வந்தது. கொழும்பு முகவர், இது எங்கள் ஊடாக வந்த சாமான் அல்ல என்றார். ஊர்க்கடைக்காரர், கொழும்புக்குப் போ என்றார்.

1977க்கு அழைத்தேன், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் அது. எழுத்தில் தாருங்கள், விற்ற நாளிலிருந்து 3 மாதத்துக்குள் தர வேண்டும் என்றார்கள். பற்றுச்சீட்டுப் பிரதியோடு எழுதிய கடிதத்தின் நகலைக் கடைக்காரரிடம் காட்டினேன். தபாலில் போடவே தேவை வரவில்லை. மறுநாள் காசைத் திருப்பித் தந்தார். இப்போது பெருநாளுக்கு எதிரே கண்டாலும் முகம் திருப்புகிறார்.

ஆரையம்பதி ரீச்சர்

எனக்கு நடந்தது நல்ல அனுபவம். ஆனாலும் எழுதுவதற்கு மூன்று நாள் யோசித்தேன்.

என் கணவர் ஓய்வூதியப் பணம் வந்ததும் வாங்கிய ஒரே ஆடம்பரம் அந்த மணிக்கூடு. கொழும்பில் முகவரிடமே வாங்கினார். 14 மாதம் கட்டினார். பிறகு ஆள் இல்லை. ஒரு வருடத் திவசம் முடிந்தபின் எடுத்துச் சாவி கொடுத்தேன், ஓடியது. ஆனால் திகதி 8இலிருந்து மாற மறுத்தது. உத்தரவாதத்தில் இன்னும் சில மாதம் மீதம் இருந்தது.

அட்டையில் அவர் பெயர். மரணச் சான்றிதழ், எங்கள் திருமணப் பதிவு, அடையாள அட்டை எல்லாம் ஒரு கோப்பில் கட்டிக்கொண்டு போனேன். ஒன்றையும் கேட்கவில்லை. உத்தரவாதம் மணிக்கூட்டுக்குத்தான் அம்மா, ஆளுக்கு அல்ல என்றார் அங்கே இருந்தவர். தமிழ் பேசுபவர், பெரியவர். இரவு 9 மணிக்கும் விடிய 3 மணிக்கும் இடையில் திகதியைக் கையால் மாற்றினீர்களா என்று மட்டும் கேட்டார். அந்த நேரத்தில் உள்ளே பற்கள் திகதியை நகர்த்தப் பிடித்திருக்குமாம். சில இயந்திரங்களில் அப்போது திருப்பினால் பல் உடையும். நான் மாற்றவில்லை. இவர் மாற்றினாரோ தெரியாது. நித்திரை வராத இரவுகளில் இவர் எதையெல்லாமோ திருகிக்கொண்டிருப்பார். அதை நான் அங்கே சொல்லவில்லை.

படிவத்தை நிரப்பும்போது, கழுவித் துடைத்து, உடம்பை மெருகிட்டுப் புதிதுபோல் தருவோம் என்றார். மணிக்கூட்டின் இடப்பக்கத்தில் ஒரு ஆழமான கீறல் உண்டு. எங்கள் கிணற்றுக்கட்டில் உரசியது. வாங்கி இரண்டாம் கிழமை. அன்றைக்கு முழுநாளும் இவர் என்னோடு பேசவில்லை, வாளியை அந்த இடத்தில் வைத்தது நான் என்பதால். மெருகிட வேண்டாம் என்றேன். மெருகு இலவசம்தான் அம்மா என்றார். வேண்டாம் என்று மறுபடி சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, படிவத்தில் சிவப்பு மையால் மூன்று மொழியிலும் எழுதி அடிக்கோடு இட்டார்.

ஐந்து கிழமையில் வந்தது. திகதி மாறுகிறது. கீறல் இருக்கிறது. ஒரு சதமும் எடுக்கவில்லை.

காத்தான்குடி வியாபாரி

ரீச்சர், மணிக்கூட்டை இப்போது யார் கட்டுகிறார்கள்?

ஆரையம்பதி ரீச்சர்

யாரும் இல்லை. மகன் கனடாவில், அவனுக்குக் கையில் கட்டுவது அந்தக் கைபேசி மாதிரியான ஒன்று. நான்தான் காலையில் பத்து நிமிடம் கையில் கட்டிக்கொண்டு முற்றம் கூட்டுவேன். சாவி ஏறட்டும் என்று.

கல்லடிக் கணக்கு வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. காக்கா, ஊஞ்சல் உதாரணத்தை நான் வகுப்பில் 31 வருடம் சொல்லியிருக்கிறேன். என் கையில் நடக்கும்போது தெரியவில்லை.

நேற்று பஸ் நிலையத்துக்குப் போனேன். மாணவரிடம் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திசைகாட்டியை எடுத்து மீண்டும் ஒருமுறை பிடித்துப் பார்த்து, "இப்போது சரி சேர்" என்றார். பிறகு என் சட்டைப் பையைக் காட்டி, கைபேசியை மற்றப் பக்கம் வைக்கச் சொன்னார். காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. பழைய வீட்டுச் சுவர் மணிக்கூட்டைத் திருத்தக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்றைய கணக்கு: 24 மணித்தியாலத்தில் 5 விநாடி கூட.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அத்தான் அடுத்த மாதம் லீவில் வருகிறார். அந்த வெறுமையான இடத்தில் திகதியை நாங்களே எழுதிவிடலாமே என்கிறார். எழுதலாமா?

அக்கரைப்பற்றுக் காக்கா

வேண்டாம் வாத்தியாரே! பேனையை மூடி வையுங்கள். முத்திரையின் மை ஒன்று, எழுத்தின் மை வேறு என்றால் மேசையில் நிற்பவனுக்கு முதல் பார்வையிலேயே தெரியும், பிறகு பற்றுச்சீட்டையும் சந்தேகப்படுவான். அட்டையை அத்தானிடமே கொடுத்து அனுப்புங்கள். வாங்கிய கடைக்காரர் எழுதட்டும். பற்றுச்சீட்டையும் கொண்டுபோகச் சொல்லுங்கள், கார் ஆசனத்துக்கு அடியில் அல்ல.

கல்லடிக் கணக்கு வாத்தியார்

சொல்லிவிட்டேன். அக்காவிடம்.