குட்டி நாட்டின் தலைமையை விட்டு இறங்கியவர்கள் இருக்கிறீர்களா? என் அனுபவம் இது

ஆறு வருடம் ஒரு மைக்ரோநேஷனின், அதாவது தன்னைத் தானே நாடு என்று அறிவித்துக்கொண்ட, எந்த அரசும் அங்கீகரிக்காத ஒரு குட்டி நாட்டின், அதிபராக இருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் விலகிவிட்டேன். தேர்தலில் தோற்கவில்லை, யாரும் கவிழ்க்கவில்லை, யாரோடும் சண்டையும் இல்லை. களைத்துப் போய்விட்டேன், அதுதான் காரணம். இதை எழுத இவ்வளவு நாள் ஆனது ஏனென்றால், இந்தப் பக்கமே வராத ஒருவரிடம் இதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் மைக்ரோநேஷன் என்றால் என்னவென்று விளக்க வேண்டும், விளக்கி முடிப்பதற்குள் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடும், அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு "நான் சரியாகத் தூங்கி நாலு மாதம் ஆச்சு" என்று சொல்ல வாய் வராது. அதனால் தெரிந்தவர்களிடமே சொல்கிறேன்.

எங்களுக்கு நிலம் கிடையாது. 1967-ல் இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் ஒரு பழைய போர்க்காலக் கடற்கோட்டையில் ராய் பேட்ஸ் அறிவித்த சீலாந்து போலவோ, கோதுமை ஒதுக்கீட்டுத் தகராறில் 1970-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் லெனார்ட் காஸ்லி தன் பண்ணையையே தனி நாடாக்கிய ஹட் ரிவர் போலவோ காலூன்ற ஒரு இடம் எங்களிடம் இல்லை. 1979-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஒரு பதினாலு வயதுப் பையன் தன் படுக்கையறையை டலோசா என்ற நாடாக அறிவித்தானே, அந்த வழியில் வந்தவர்கள் நாங்கள். நிலம் இருந்தால் நீங்கள் ஒரு மாதம் காய்ச்சலில் படுத்துக் கிடந்தாலும் அது அங்கேயே இருக்கும். எங்களுக்கு அப்படியில்லை. இரண்டு வாரம் அரசிதழ் வரவில்லை என்றால் "நாடு இன்னும் இருக்கிறதா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். யாராவது எதையாவது செய்துகொண்டிருக்கும் வரைதான் எங்கள் நாடு, அந்த 'யாராவது' பெரும்பாலும் நான்தான்.

பட்டியலில் 43 குடிமக்கள். தொடர்ந்து பேசுகிறவர்கள் ஒன்பது பேர். அரசிதழ் எழுதுவது, குடியுரிமை விண்ணப்பங்களைப் படித்துப் பதில் போடுவது, வேறு குட்டி நாடுகளோடு அங்கீகார ஒப்பந்தம் போடுவது, அதில் ஒரு நாடு இரண்டாகப் பிரிந்தால் எந்தப் பாதியை அங்கீகரிப்பது என்று இரவு ஒரு மணிவரை பேசுவது, இணையதளத்துக்குக் கைக்காசு கட்டுவது, எல்லாம் என் தலையில். இதெல்லாம் சின்ன வேலைதான். ஆனால் முடிகிற வேலை ஒன்றுகூட இல்லை. அலுவலகத்திலிருந்து வந்து உட்கார்ந்தால் இன்னொரு அலுவலகம் காத்திருக்கும், அங்கே விடுப்பு எழுதிக் கொடுக்கவும் மேலே ஆள் கிடையாது.

எனக்கு உறைத்தது ஒரு விண்ணப்பத்தால். முதல் இரண்டு வருடம் புது விண்ணப்பம் வந்தால் அன்றைக்கு முழுவதும் சந்தோஷமாக இருப்பேன், வீட்டில்கூடச் சொல்லுவேன். போன வருடக் கடைசியில் ஒரு பெண் நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தார், எங்கள் அரசியலமைப்பை முழுக்கப் படித்துவிட்டு, மொழி உரிமைப் பிரிவில் ஒரு ஓட்டையைக்கூடக் கண்டுபிடித்திருந்தார். இப்படி ஒரு குடிமகள் கிடைக்க மாட்டாரா என்றுதான் ஆறு வருடமும் காத்திருந்தேன். அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு வந்தது எரிச்சல். இவருக்கும் பதில் எழுத வேண்டுமே என்ற எரிச்சல். பதினேழு நாள் பதில் போடவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அது வலிக்கிறது.

அப்புறம்தான் பர்ன்அவுட் பற்றித் தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அதற்கு மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வற்றிப் போவது, வேலையிலிருந்து மனம் விலகி அதன்மேல் கசப்பு வருவது, செய்வதில் திறன் குறைந்துவிட்டது என்ற உணர்வு. எனக்கு இரண்டாவதுதான் முதலில் வந்திருக்கிறது. அது நோய் இல்லை, வேலையோடு சம்பந்தப்பட்ட ஒரு நிலை என்று அவர்கள் தெளிவாகவே சொல்கிறார்கள். சம்பளமில்லாத பொழுதுபோக்குக்கு இது பொருந்துமா என்று யோசித்தேன். 1974-ல் இதைப் பற்றி முதலில் எழுதிய ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர் எதைப் பார்த்து எழுதினார் தெரியுமா? நியூயார்க்கில் ஒரு இலவச மருத்துவ மையத்தில் பகல் வேலை முடித்துவிட்டு ராத்திரியில் வந்து உழைத்த தொண்டர்களை, அவர்களில் ஒருவராக இருந்த தன்னையே பார்த்து. காசுக்காக இல்லாமல் பற்றுக்காக வந்தவர்கள். அதைப் படித்த அன்று கொஞ்சம் அழுதேன், நல்ல அழுகை.

சரி, விலகலாம் என்று முடிவு செய்து அரசியலமைப்பைத் திறந்தால் அதில் வழியே இல்லை. அதிபர் இறந்தால் என்ன, வாக்கெடுப்பில் நீக்கப்பட்டால் என்ன, செயல்பட முடியாமல் போனால் என்ன என்று மூன்றுக்கும் பிரிவு இருக்கிறது. தானாக விலகினால்? ஒரு வரிகூட இல்லை. 61 பிரிவையும் எழுதியவன் நான். இறந்துபோவதை நினைத்துப் பார்த்திருக்கிறேன், களைத்துப்போவதை நினைத்துப் பார்க்கவில்லை. நான் வெளியே போவதற்கு நானே ஒரு திருத்தம் எழுதி, அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வாங்க வேண்டியிருந்தது. 43 பேரில் 29 பேர். பேசுகிறவர்களே ஒன்பது பேர்தான் என்றேன் இல்லையா, மீதி இருபது பேரை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துச் செய்தி அனுப்பி வாக்கு வாங்க ஐந்து வாரம் ஆனது. என் ஆட்சியிலேயே கடினமாக உழைத்தது அந்த ஐந்து வாரம்தான். ஆனால் அதில் ஒரு நல்லதும் நடந்தது. வருடக்கணக்கில் பேசாதவர்கள் பதில் எழுதினார்கள். ஒருவர் "நீங்க சந்தோஷமா செய்றீங்கன்னுல்ல நெனச்சுட்டிருந்தோம்" என்று கேட்டார். நானும் அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு தவறும் செய்தேன். விலகியபின் ஆலோசகராக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பேர்தான் மாறியது, கேள்வி எல்லாம் என்னிடமே வந்தது. இரண்டு வாரத்தில் அதையும் விட்டு, மூன்று மாதத்துக்கு எந்தக் குழுவிலும் இருக்க மாட்டேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வெளியே வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிநேரம் தூங்கினேன்.

2023 ஜனவரியில் நியூசிலாந்துப் பிரதமர் ஜசிண்டா ஆர்டெர்ன், இந்தப் பதவிக்கு வேண்டிய தெம்பு இனி என்னிடம் இல்லை என்று சொல்லி விலகியபோது உலகமே அதைக் காதுகொடுத்துக் கேட்டது. ஐம்பது லட்சம் பேரின் பாரம் என்றால் புரிகிறது. 43 பேரின் பாரத்தை எங்கே போய்ச் சொல்வது? உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

நண்பரே, நீங்கள் முறையாக விலகினீர்கள். நான் சொல்லாமல் போனவன். அதையும் யாராவது எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

என் குட்டி நாட்டைப் பதினாறு வயதில் ஆரம்பித்தேன், பத்தொன்பதில் நிறுத்தினேன். நிறுத்தினேன் என்பதுகூடச் சரியில்லை, ஒருநாள் திறக்கவில்லை, மறுநாளும் திறக்கவில்லை, ஒரு வாரம் ஆனதும் திறக்கப் பயமாகிவிட்டது. எத்தனை பேர் என்னென்ன கேட்டிருப்பார்களோ என்ற பயம். அறிவிப்புகளை அணைத்துவிட்டேன். நாங்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்டு செயலியில் நிர்வாக உரிமை என் ஒருவனிடம் மட்டும்தான் இருந்தது, அதனால் நான் இல்லாமல் அவர்களால் ஒரு பதவியைக்கூட மாற்ற முடியவில்லை. தேர்தல் நாள் வந்திருக்கிறது, வாக்குப்பெட்டியைத் திறக்க ஆளில்லை. இணையதளத்தின் முகவரி காலாவதியாகி வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் மூன்று வருடம் எழுதிய சட்டம், கதை, வரைபடம் எல்லாம் போயிற்று.

இரண்டு வருடம் கழித்து எங்கள் பழைய கல்வி அமைச்சர் ஒரு கோப்பு அனுப்பினார். அரசிதழ் இதழ்களில் பாதியை அவர் தன் கணினியில் சேமித்து வைத்திருந்திருக்கிறார். கூடவே "நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்றுதான் முதலில் கவலைப்பட்டோம்" என்று ஒரே ஒரு வரி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அவர்களுக்குச் செய்த பெரிய தீங்கு நாட்டை மூடியது இல்லை, அவர்களை அப்படிக் கவலைப்பட வைத்ததுதான்.

களைப்பாக இருக்கும்போது ஒரு கடிதம் எழுதுவதுகூட மலை மாதிரி தெரியும், அது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், தெம்பு இருக்கும்போதே இன்னொருவருக்கு நிர்வாக உரிமையைக் கொடுத்து வையுங்கள்.

* * *

நான் எதிர்ப்பக்கத்தில் இருந்தவள். களைத்துப்போய் விலகிய ஒரு நிறுவனரிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்டேன்.

அண்ணா (அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்) விலகும்போது ஒரு நாளைக்கு மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். "உன் தலையில கட்டிட்டுப் போறேன்" என்று. அது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் நான் அந்தப் பொறுப்பை விரும்பித்தான் கேட்டேன். விலகுகிறவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். உங்களுக்குப் பாரமாகிப் போனது அடுத்தவருக்கு ஆசையாக இருக்கலாம், அதைப் பாரம் என்றே சொல்லிச் சொல்லிக் கையில் கொடுக்காதீர்கள்.

முதலில் எழுதியவர் ஆலோசகராக இருந்தது தவறு என்கிறார். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. முடிவெடுக்க அண்ணா எனக்குத் தேவைப்படவில்லை, ஆனால் பழைய கதை தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். ஏன் அந்த நாட்டோடு ஒப்பந்தம் முறிந்தது, கொடியில் ஏன் அந்த நீலம், இதையெல்லாம் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தோம்: மாதத்தில் ஒருநாள், ஒரு மணிநேரம், நான் கேட்பேன், அவர் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். மற்ற நாளில் நான் அவரைத் தொடர்புகொள்ளவே மாட்டேன். எட்டு மாதத்தில் கேள்விகள் தீர்ந்துவிட்டன.

நான் வந்ததும் முதலில் செய்தது பதவிக்காலத்தை ஒரு வருடம் ஆக்கியது. எல்லை தெரிந்தால் ஓட முடியும். இத்தாலியில் தன்னைத் தனி நாடு என்று சொல்லிக்கொள்ளும் செபோர்கா என்ற ஊரில் இளவரசரைக்கூட ஏழு வருடத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள், 2019-ல் மார்செல்லோ மெனெகாட்டோ பாதியில் விலகியபோது அதே வருடம் தேர்தல் வைத்து நீனா மெனெகாட்டோ வந்தார், காரியம் நடந்தது. ஹட் ரிவரில் லெனார்ட் காஸ்லி ஏறத்தாழ 47 வருடம் தானே சுமந்துவிட்டு 2017-ல் தன் 91-வது வயதில் மகன் கிரேமிடம் கொடுத்தார், 2020 ஆகஸ்டில் அந்த நாடே முடிந்துவிட்டது. அதற்கு வரிப் பாக்கிதான் பெரிய காரணம், அது வேறு கதை. ஆனாலும் 91 வயதுவரை ஒருவரே சுமந்தார் என்று படிக்கும்போது பெருமையைவிடப் பாவமாகத்தான் இருக்கிறது எனக்கு.

நிறுவனர் போனால் நாடு செத்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு டலோசாவைக் காட்டுவேன். அதை அறிவித்த அந்தப் பையன் வளர்ந்து, பல வருடம் அரசராக இருந்து, 2005-ல் முடியைத் துறந்துவிட்டார். அதற்கு முந்தின வருடமே ஒரு கூட்டம் பிரிந்துபோய்க் குடியரசு நடத்திக்கொண்டிருந்தது. 2012-ல் அவர்கள் திரும்பி வந்து சேர்ந்தார்கள். நிறுவனர் இல்லாமலே பிரிந்திருந்த வீடு ஒன்றானது.

* * *

நான் இன்னும் பதவியில்தான் இருக்கிறேன். மேலே அந்த விண்ணப்பக் கதையைப் படித்ததும் நெஞ்சு திக்கென்றது, என் பெட்டியில் இப்போது ஆறு விண்ணப்பம் திறக்காமல் கிடக்கிறது. துணைத் தலைவர் என்று பெயருக்கு ஒருவர் இருக்கிறார், அவரும் படிப்பில் மூழ்கியிருக்கிறார். என்னோடு ஒட்டியிருக்கிறவர்கள் ஐந்து பேர், நான் போனால் அவர்களும் போய்விடுவார்கள் என்று நினைக்கிறேன். அந்த விண்ணப்பம் அனுப்பிய பெண்ணுக்குக் கடைசியில் என்ன ஆனது?

* * *

அவருக்குப் பதினெட்டாவது நாள் எழுதினேன். தாமதத்துக்குக் காரணமும் சொன்னேன், மழுப்பாமல், களைத்துவிட்டேன் என்றே சொன்னேன். இப்போது அவர்தான் எங்கள் சட்ட அமைச்சர். என் விலகல் திருத்தத்தின் வாசகத்தைத் திருத்திக் கொடுத்ததும் அவர்தான்.

நீங்கள் அந்த ஆறு விண்ணப்பத்தையும் இன்றைக்குப் படிக்க வேண்டாம். "வந்து சேர்ந்தது, ஒரு மாதம் ஆகும்" என்று ஒரே வரியை ஆறு பேருக்கும் அனுப்பிவிட்டுத் தூங்குங்கள். அந்த ஐந்து பேரிடமும், நீங்கள் போனால் போய்விடுவார்களா என்று வாய்விட்டே கேளுங்கள், நான் ஐந்து வருடம் கேட்காமலே பதிலை நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் உங்கள் அரசியலமைப்பில் பதவி விலகல் பற்றி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சொல்லுங்கள், எங்கள் திருத்தத்தை அனுப்புகிறேன், பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.