இரண்டு சேம்பருக்கு நடுவே பெருச்சாளி செத்துக் கிடக்கிறது: குழாயை உடைக்காமல் எடுக்க முடியுமா?

பின்கட்டு:

தரைத்தள வீடு. சமையலறை சிங்க், துவைக்கும் கல், பாத்ரூம் தரைத் தண்ணீர் மூன்றும் பின்பக்கச் சந்தில் ஒரே 4 அங்குல பிவிசி குழாயில் சேர்ந்து, மூன்று சேம்பர் (மூடி போட்ட சாக்கடைத் தொட்டி) தாண்டி செப்டிக் டேங்க்குக்குப் போகின்றன. கழிவறைக் குழாய் 3-வது சேம்பரில்தான் வந்து சேர்கிறது.

போன வாரத்திலிருந்து தண்ணீர் மெதுவாக வடிகிறது. பாத்ரூம் நஹானி டிராப்பில் (தரைத் தண்ணீர் இறங்கும் வாய்) அழுகல் நாற்றம், காலையில் கதவைத் திறந்தால் குமட்டுகிறது. ஜாலி வழியாகப் பச்சை ஈ வருகிறது. மூடிகளைத் திறந்து பார்த்தால் 1-வது சேம்பரில் 9 அங்குலம் தண்ணீர் நிற்கிறது, 2-வதில் அடியில் ஈரம் மட்டும். இரண்டுக்கும் நடுவே 12 அடி நேர் குழாய், வளைவு இல்லை. 1-வது சேம்பரின் சிமெண்ட் மூடி ஒரு மூலையில் உடைந்திருக்கிறது. சந்தில் பெருச்சாளி உண்டு, அதற்கு மருந்து கேக் வைத்திருந்தோம்.

பார்க்க வந்த பிளம்பர், "ரெண்டு பாட்டில் ஆசிட் ஊத்தி ராத்திரி அப்படியே விடுங்க, கரைஞ்சிடும்" என்கிறார். செய்யலாமா? எடுத்த பிறகு அதை எங்கே போடுவது?

சொல்யூஷன் டப்பா:

ஆசிட் வேண்டாங்க. தோல், முடி, எலும்பு எதுவும் கடை ஆசிட்டுக்கு ஒரு ராத்திரியில மசியாது. உங்க சேம்பர் சிமெண்ட் பூச்சுதான் அரிச்சுப் போகும். அடைப்பு நீக்குற பவுடரும் உதவாது. அது காஸ்டிக் சோடா; பெருச்சாளிக் கொழுப்பையும் சமையல் பிசுக்கையும் பாதி சோப்பா மாத்தி இன்னும் கெட்டியா உட்கார வைக்கும். அப்புறம் நீங்க கம்பி விடும்போது அந்தக் காரத் தண்ணி கண்ணுல தெறிக்கும். கொதிக்கிற தண்ணியும் ஊத்தாதீங்க, 80 டிகிரி பக்கத்துல பிவிசி இளகித் தொய்ஞ்சிடும். ஏற்கெனவே ஏதாவது ஊத்தியிருந்தா அதை முதல்ல சொல்லுங்க, வேலை செய்யுற முறையே மாறும்.

மேல் சேம்பர் நிறைஞ்சு கீழ் சேம்பர் காய்ஞ்சு கிடக்கு, அப்போ அடைப்பு நடுவுலதான். வெறும் பிசுக்கு அடைப்புன்னா புளிச்ச வாடை, அழுகின முட்டை வாடை வரும். பச்சை ஈ இப்படிக் கூட்டமா வராது. அதனால உங்க சந்தேகம் சரி. குழாயை உடைக்க வேண்டிய நிலை இன்னும் வரலை.

வேண்டிய சாமான்: 15 அடி மூங்கில் பிளாச்சு (பிளந்த பட்டை) ஒண்ணு, 8-ம் நம்பர் ஜி.ஐ. கம்பி 16 அடி, அரை அங்குலக் கண் வெல்டுமெஷ் (கம்பி வலை) ஒரு துண்டு, ரெண்டு பக்கெட், மக்கு. முழங்கை வரைக்கும் வர்ற ரப்பர் கையுறை, கண்ணாடி, முகமூடி, கம்பூட். வெறும் கையோட யாரும் இறங்க வேண்டாம், கூலிக்கு வர்றவரும்தான்.

மூணு மூடியையும் திறந்து அரை மணி நேரம் காத்தாட விடுங்க. பக்கத்துல பீடி, தீக்குச்சி கூடாது. வீட்டுல யாரும் தண்ணி திறக்கக் கூடாதுன்னு சொல்லி வைங்க. அடுத்தது 1-வது சேம்பர் தண்ணியை மக்குல மொண்டு பக்கெட்டுல எடுத்து வைங்க. இதை விட்டுட்டு நேரா குத்தினா, 9 அங்குலத் தண்ணியும் ஒரே மூச்சுல பாய்ஞ்சு பெருச்சாளியை 2-வது சேம்பரைத் தாண்டித் தள்ளிட்டுப் போயிடும். அது 3-வதுக்கு அப்புறம் கழிவறை லைன்ல சிக்கினா இப்ப இருக்குற வேலை மூணு மடங்கு. அதுக்காகத்தான் வெல்டுமெஷ்: 2-வது சேம்பர்ல தண்ணி வெளியேறுற வாய்ல வெச்சு, பின்னாடி நகராம ரெண்டு செங்கல் முட்டுக் கொடுங்க.

முதல்ல பிளாச்சை 2-வது சேம்பர்ல இருந்து மேல் நோக்கி மெதுவா விடுங்க. முட்டின இடத்துல, சேம்பர் சுவரோட சேர்ற புள்ளியில டேப் ஒட்டி வெளியே எடுத்து அளந்துக்கோங்க. மெத்துனு முட்டினா உடம்பு; டக்குனு முட்டினா கல்லோ உடைஞ்ச மூடித் துண்டோ. இந்த அளவு தெரிஞ்சா, கடைசியில வெட்ட வேண்டி வந்தாலும் 12 அடியையும் தோண்ட வேண்டாம்.

குத்தித் தள்ளாதீங்க, இழுங்க. செத்து ரெண்டு மூணு நாள்ல வயிறு ஊதி ஆப்பு மாதிரி இறுகிடும்; தள்ளத் தள்ள இன்னும் இறுகும். கம்பி நுனியை ஒரு அங்குலம் மடக்கிக் கொக்கி போட்டு, கம்பியைப் பிளாச்சோட ஒரு அடிக்கு ஒரு கட்டு கட்டிடுங்க. குழாயோட மேல் பக்கம் எப்பவும் கொஞ்சம் இடைவெளி இருக்கும், தண்ணி கசிஞ்சு வர்றதே அந்த வழியாத்தான். கொக்கியைப் படுக்கை வசமா வெச்சு, மேல் ஓரமாவே உடம்பைத் தாண்டி அரை அடி விடுங்க. அங்க கால் சுத்து திருப்பினா கொக்கி கீழ பார்க்கும். அப்படியே நிதானமா இழுங்க. வால் மட்டும் மாட்டிச்சுன்னா இழுத்துப் பிரயோஜனம் இல்லை, தோல் உறை மாதிரி கழண்டு வந்துடும். தோள்பட்டை, விலா எலும்புல மாட்டணும்.

இழுக்கும்போது இன்னொருத்தர் 1-வது சேம்பர்ல அரை பக்கெட் தண்ணியை மெல்ல ஊத்தினா வழுக்கிட்டு வரும். கொஞ்சம் சோப்புத் தண்ணின்னா இன்னும் நல்லது.

பின்கட்டு:

நன்றி அண்ணா. எதுவும் ஊற்றவில்லை. பிளாச்சு 2-வது சேம்பரிலிருந்து 7 அடியில் மெத்தென்று முட்டுகிறது. வாடகைக்கு ஸ்பிரிங் மெஷின் கிடைக்கும் என்கிறார்கள், அது இதைவிட எளிதா? பிறகு பிளீச்சிங் பவுடர் போட்டால் செப்டிக் டேங்க் கெட்டுவிடும் என்கிறார்களே?

சொல்யூஷன் டப்பா:

மோட்டார் ஸ்பிரிங் பிசுக்குக்கும் வேருக்கும் சரி. செத்த உடம்புல விட்டா கிழிச்சு நாலு துண்டாக்கும், முடி ஸ்பிரிங்ல சுத்திக்கும், மீதி உள்ளேயே நிக்கும். கையால சுத்துற ராடு, நுனியில திருகு வெச்சது கிடைச்சா வாங்குங்க, அது முடியில நல்லா பிடிக்கும். ஆனா கடிகார முள் சுத்துற பக்கமே திருப்பணும். எதிர்ப்பக்கம் திருப்பினா ராடு இணைப்பு கழண்டு திருகு உள்ளேயே தங்கிடும். அப்புறம் எடுக்க வேண்டியது ரெண்டு சாமான்.

பிரஷர் வாஷர் வெச்சிருக்கறவங்க டிரெய்ன் ஹோஸ் மாட்டலாம். நாசில் பின்பக்கமா பீய்ச்சுற வகையா இருக்கணும். 2-வது சேம்பர்ல இருந்து மேல ஏத்தினா உடம்புக்கு மேல்புறம் போய் தண்ணியை உங்க பக்கமா தள்ளும். உடம்பு வெளியே வந்த பிறகு குழாயைக் கழுவ இதைவிட நல்லது இல்லை. ஏன்னா உடம்பு வந்துட்டாலும் முடியும் கொழுப்பும் சேர்ந்து அடியில ஒரு படிவு நிக்கும். அதை விட்டா மாசம் ஆகிறதுக்குள்ள மறுபடி அடைக்கும்.

கொக்கிக்கும் வரலைன்னா மட்டும் 7 அடியில தோண்டி ஒரு அடி குழாயை வெட்டி எடுங்க. திரும்பப் போட ஒரு துண்டு குழாய், நடுவுல தடுப்பு இல்லாத ரிப்பேர் கப்ளர் (குழாயை இணைக்குற துண்டு) ரெண்டு, ஒட்டுறதுக்கு பிவிசி சொல்யூஷன். சாதாரண கப்ளர் வாங்கிட்டு வந்தா நடு வரம்பு தடுக்கும், நகர்த்திப் போட முடியாது. மூடுறதுக்கு முன்னாடி வாட்டம் பாருங்க: 40-க்கு 1, அதாவது உங்க 12 அடிக்கு ஏறக்குறைய மூணரை அங்குலம் இறக்கம். நடுவுல தொய்வு இருந்தா அங்கதான் தண்ணி நின்னு அடுத்தது சிக்கும்.

கொசுவலை:

பிளீச்சிங் பவுடரில் எல்லாரும் தவறுவது வரிசையில். உடம்பு உள்ளே இருக்கும்போதே கொட்டுகிறார்கள். அழுகிய சதை குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. முதலில் உடம்பை எடுங்கள், பிறகு நாலைந்து பக்கெட் தண்ணீரும் சோப்பும் விட்டுக் கழுவுங்கள், கடைசியில்தான் பிளீச்சிங்.

அளவு: 30 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடர் என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 170 கிராம். இது 0.5 சதவீதக் கரைசல். திறந்து வைத்துக் கட்டி தட்டிப்போன பழைய பவுடரில் வீரியம் இருக்காது. கலக்கித் தெளிய விட்டு, மேல்தண்ணீரைச் சேம்பர் சுவர், தரை, கம்பி, பிளாச்சு, கம்பூட் எல்லாவற்றிலும் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள்.

செப்டிக் டேங்க் கவலைக்குக் கணக்கே பதில். அந்த 10 லிட்டரில் உள்ள குளோரின் 50 கிராம். 5,000 லிட்டர் டேங்க்கில் கலந்தால் லிட்டருக்கு 10 மில்லிகிராம். அங்கே இருக்கும் கழிவுக்கு அது சீக்கிரமே செலவாகிவிடும். ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாது. நாற்றம் போகவில்லையே என்று தினமும் ஒரு கிலோ கொட்டினால்தான் டேங்க் படுக்கும். அதைவிட, சமையலறை எண்ணெய்த் தண்ணீரை டேங்க்கில் விடுவதுதான் உங்கள் அமைப்பில் பெரிய கோளாறு. அது தனியாக உறிஞ்சுகுழிக்குப் போயிருக்க வேண்டும்.

ஆசிட் கலந்த கழிவறை கிளீனரையும் பிளீச்சிங்கையும் ஒரே நாளில் தொடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. சந்து போன்ற குறுகிய இடத்தில் அது நுரையீரலைப் பதம் பார்க்கும்.

சேம்பருக்குள் தலையை விடாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் திடீரென்று நின்றுவிட்டதே என்று நினைப்பவர்தான் மயங்கி விழுகிறார். வெளியே நின்று கைக்கு எட்டுகிற ஆழம் என்றால் மட்டும் நீங்கள் செய்யலாம். உடம்பு தப்பித்துச் செப்டிக் டேங்க்குக்குள் போய்விட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள், தானே அழுகிப்போகும். அதை எடுக்க ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்: முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். டேங்க்கைக் காலி செய்ய வேண்டுமானால் 14420 என்ற உதவி எண்ணில் பதிந்து லாரி வரவழையுங்கள்.

எலிக்காய்ச்சல் பற்றி: அந்தக் கிருமி எலி மூத்திரத்தில் வருவது. ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும், காலில் சின்னச் சிராய்ப்பு போதும் நுழைய. வேலை செய்தவருக்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மருத்துவரிடம் "எலி செத்த சாக்கடையில் வேலை செய்தேன்" என்று தானாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரண வைரஸ் காய்ச்சலாகப் போய்விடும்.

அப்புறப்படுத்துவது: மண் இருந்தால் 2 அடிக்குக் குறையாத குழி, கிணறு, போர், சம்ப் இவற்றிலிருந்து தள்ளி. மேலே மண்ணைக் கெட்டியாக மிதித்து ஒரு கல் வையுங்கள், இல்லாவிட்டால் நாய் தோண்டும். மண் இல்லாத வீடு என்றால் பிளீச்சிங் பவுடர் தூவி இரண்டு கவரில் கட்டி, தூய்மைப் பணியாளரிடம் இன்னதென்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். மக்கும் குப்பைக்குள் ஒளித்து வைத்தால் அவர் கையால் கிளறும்போதுதான் தெரியும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் 1913-லும் சொல்லலாம். விஷம் தின்று செத்தது, பூனை வாய் வைக்காமல் பாருங்கள்.

எலிவளை:

எடுத்த பிறகும் இரண்டு மூன்று நாள் லேசான வாடை இருக்கும். அதற்கு மேலும் அதே கனத்தில் இருந்தால் இன்னொன்று இருக்கிறது, பெரும்பாலும் குழாயில் இல்லை, சேம்பரை ஒட்டிய வளையில். பெருச்சாளி சேம்பர் சுவரோரம்தான் தோண்டும். சுவருக்கு வெளியே புது மண் குவியல், ஒரு பக்கம் சரிந்த சேம்பர், உள்பூச்சில் விரிசல் இருக்கிறதா பாருங்கள்.

கேக் வைத்ததுதான் இந்த நிலைக்குக் காரணம். கடையில் கிடைக்கும் கேக் பெரும்பாலும் ரத்தம் உறையாமல் செய்யும் வகை. தின்ற எலி உடனே சாகாது, சில நாள் நடமாடிவிட்டு ஒடுங்கிய இடமாகப் பார்த்துப் போய்ச் சாகும். 'வெளியே போய்ச் செத்துவிடும்' என்பதெல்லாம் அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பது. சாக்கடைப் பக்கம் என்றால் கூண்டுதான். சாதாரண எலிக்கூண்டு பத்தாது, பெருச்சாளிக்கான பெரிய கூண்டு வாங்குங்கள். முதல் இரண்டு ராத்திரி கதவைக் கட்டித் திறந்தே வைத்துக் கருவாடோ மசால்வடையோ போட்டுப் பழக்குங்கள். பழகாத பொருளைப் பெருச்சாளி சுற்றிக்கொண்டு போகும்.

அடைக்க வேண்டிய இடங்கள்: உடைந்த மூடியை ஒட்டுப் போடாதீர்கள், மாற்றுங்கள். சட்டத்தோடு வரும் எஃப்ஆர்பி (ஃபைபர் பிளாஸ்டிக்) மூடி லேசானது, ஆனால் பூட்டு இருக்கிறதா பாருங்கள். பூட்டு இல்லாததைப் பெருச்சாளியே தூக்கிவிடும். சிமெண்ட் மூடி என்றால் ஓரத்தில் சுண்ணாம்புக் கலவை மெல்லியதாகப் பூசினால் போதும், அடுத்த தடவை உளியால் தட்டினால் வந்துவிடும். அதற்கும் சிமெண்ட் வைத்து இறுக்கினால் அவசரத்துக்குத் திறக்க முடியாது. வளைகளில் உடைந்த கண்ணாடித் துண்டு கலந்து 1:2:4 கான்கிரீட் (சிமெண்ட், மணல், ஜல்லி விகிதம்) போடுங்கள். வெறும் மண் போட்டு மூடினால் மறுநாள் காலையில் திறந்திருக்கும்.

நஹானி டிராப்பில் 2 அங்குலத் தண்ணீர் நிற்க வேண்டும். அது வாடையைத் தடுக்கும், எலியைத் தடுக்காது. எலிகள் முங்கி நீந்தி வரும். அதனால் ஜாலி திருகு போட்டு இறுக்கும் வகையாக இருக்கட்டும். புழங்காத பாத்ரூம் என்றால் வெயில் காலத்தில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். வாரம் ஒரு மக்கு ஊற்றுங்கள். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது.

பின்கட்டு:

2-வதுக்கும் 3-வதுக்கும் நடுவே ஒரு வழி வால்வு மாட்டினால் போதாதா?

எலிவளை:

உங்களுக்கு உடைந்த மூடி வழியாக மேலிருந்து வந்திருக்கிறது, அதை வால்வு தடுக்காது. தெருச் சாக்கடையிலோ பாதாளச் சாக்கடையிலோ சேர்கிற வீட்டுக்குத்தான் அதனால் பயன். அங்கேயும் கடைசிச் சேம்பரின் வெளிவாயில், கைக்கு எட்டுகிற இடத்தில் மாட்ட வேண்டும். குழாய் நடுவில் புதைத்தால் பழந்துணியோ முடியோ தகட்டில் சிக்கிப் பாதி திறந்தபடி நிற்கும், நின்றது யாருக்கும் தெரியாது. அந்தப் பணத்தில் மூன்று மூடியையும் மாற்றுங்கள்.