ஹர்கெய்சா பயணம்: அந்த 80 வாக்குகள்

ஊர்சுற்றி: சோமாலியா என்றதும் பதறுகிறவர்கள் சோமாலிலாந்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். 1991 மே 18 அன்று சோமாலியாவிலிருந்து பிரிந்து தனிநாடாக அறிவித்துக்கொண்ட அங்கே, 2003 அதிபர் தேர்தலில் வெறும் 80 வாக்குகளில் தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர் சிலான்யோ ஆயுதம் தூக்காமல் தோல்வியை ஏற்றார். நிலையான ஆட்சிக்கு இதைவிடச் சான்று வேண்டாம்; பயணிகள் தயங்காமல் போகலாம்.

வடகாற்று: இந்த 80 வாக்குக் கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. தேர்தல் ஆணையம் அறிவித்த வித்தியாசம்தான் 80. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபின் அது 217 ஆயிற்று. அதன்பிறகும் சிலான்யோவின் கட்சி உடனே ஏற்கவில்லை, பெரியவர்கள் நடுவே நின்று பேசியதால்தான் அடங்கியது. பாதிக் கதையை வைத்துக்கொண்டு அடுத்தவரைப் பயணத்துக்கு அழைப்பது பொறுப்பில்லாத செயல்.

ஊர்சுற்றி: 80 என்றாலும் 217 என்றாலும் ஒரு சிறு கிராமத்தின் வாக்குகள்தானே? துப்பாக்கி வெடிக்கவில்லை என்பதுதான் என் பேச்சு. அதே சிலான்யோ 2010 தேர்தலில் வென்று அதிபரானார். தலைநகர் ஹர்கெய்சாவின் கடைத்தெருவில் பணம் மாற்றுகிறவர்கள் கட்டுக்கட்டாக ஷில்லிங் நோட்டுகளைத் தரையில் அடுக்கி வைத்து உட்கார்ந்திருப்பதை நான் நேரில் கண்டவன். தாங்கள் எந்த ஆண்டு போனீர்கள்?

வடகாற்று: போனவர் மட்டும்தான் பேசலாம் என்ற விதியைச் சென்ற ஆண்டு லெபனான் விவாதத்திலும் நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள், அதை நான் மறக்கவில்லை. 2010 தேர்தல் 2008இலேயே நடந்திருக்க வேண்டியது என்பதை ஏன் சொல்லவில்லை? 2022இல் நடக்க வேண்டியதும் 2024 நவம்பருக்குத்தான் வந்தது. அந்தத் தாமதத்தை எதிர்த்து 2022 ஆகஸ்டில் தெருவில் இறங்கியவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். பதவிக்காலத்தை நீட்டித்துத் தருவது மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத 82 பேர் கொண்ட ‘குர்தி’ என்னும் மேலவை. இவ்வளவும் நடந்த நாட்டுக்கு 2003இன் 80 வாக்குகளையே இன்றும் நற்சான்றிதழாகக் காட்டுகிறீர்கள், அதுவும் தவறான எண்ணை.

கயல்: நிலைத்தன்மை என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? ஆட்சி அமைதியாகக் கைமாறுவதையா, வெளியூர்க்காரர் பயமின்றி நடப்பதையா?

ஊர்சுற்றி: 80 தவறான எண் அன்று! ஆணையம் அறிவித்த எண் அதுதான் என்று வடகாற்றே மேலே எழுதியிருக்கிறார். 2024இல் எதிர்க்கட்சியின் இர்ரோ வென்றார், அதிபர் பதவியிலிருந்த மூசா பிஹி விலகினார். இதையும் மறுப்பீர்களா?

வடகாற்று: மறுக்கவில்லை. ஆனால் கிழக்கே உள்ள லாஸ் அனோட் நகரைப் பற்றி ஒரு சொல் எழுதாமல் ஆட்சி நிலைத்திருக்கிறது என்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகும். 2023 பிப்ரவரியில் தொடங்கிய சண்டை ஆகஸ்டில் சோமாலிலாந்துப் படை அங்கிருந்து பின்வாங்கும்வரை நீண்டது; நகரமே காலியாகி மக்கள் ஓடினார்கள். லாஸ் கீல் குகை ஓவியங்களைக் காண ஹர்கெய்சாவை விட்டு 50 கிலோமீட்டர் போவதற்கே ஆயுதக் காவலரை உடன் அழைக்கச் சொல்கிறார்கள். கடவுச்சீட்டு தொலைந்தால் உதவி கேட்க அங்கே இந்தியத் தூதரகமும் கிடையாது. பிள்ளைகுட்டிக்காரர் ஒருவர் உங்கள் பதிவை நம்பிப் புறப்பட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

ஊர்சுற்றி: லாஸ் கீலுக்கு நானும் காவலருடன்தான் போனேன், அந்த ஏற்பாடு இருப்பதே அரசு இயங்குவதற்கு அடையாளம். லாஸ் அனோடுக்குப் போகச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? லெபனான் விவாதத்திலும் இப்படித்தான் நான் சொல்லாததற்குப் பதில் எழுதினீர்கள்.

வடகாற்று: லெபனானை அங்கேயே பேசிக்கொள்ளலாம். முதல் பதிவில் இன்னும் 80 என்றே இருக்கிறது. அதை 217 என்று திருத்துங்கள்.

ஊர்சுற்றி: திருத்த மாட்டேன். அறிவித்தது 80.