கதவு கடகடப்பு: கார் முழுக்க ஷீட் ஒட்டத்தான் வேண்டுமா?

நெடுஞ்சாலை: ஹேட்ச்பேக் கார். முன்கதவுகளில் ஆறரை அங்குல ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் சின்ன சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்). தவில் வந்தாலே இடது கதவு கடகடக்கிறது, டிக்கிப் பக்கமும் ஏதோ கிர்ரென்கிறது. கதவு, தரை, கூரை, டிக்கி எல்லாவற்றுக்கும் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டினால்தான் தீரும் என்கிறார் கடைக்காரர். அவர் சொல்லும் தொகை ஸ்பீக்கர் விலையைவிட அதிகம். ஒட்டலாமா?

பேஸ்பிரியன்: தாராளமாக ஒட்டுங்கள். ஸ்பீக்கருக்குக் கதவுதான் பெட்டி. இன்றைய கார்க் கதவைத் தட்டிப் பாருங்கள், தகர டப்பா மாதிரிதான் சத்தம் வரும். அந்தப் பெட்டியே ஆடினால் எவ்வளவு நல்ல ஸ்பீக்கரும் வீண்தான். ஒருமுறை செலவு செய்தால் காரை விற்கும் வரை நிம்மதி.

மெல்லிசை: இதை நான் ஏற்கவில்லை. அலுமினியத் தாள் போர்த்திய பியூட்டைல் ரப்பர் ஷீட் என்ன செய்கிறது? தகடு வளையும்போது தகட்டுக்கும் தாளுக்கும் நடுவில் இருக்கும் பியூட்டைல் இழுபட்டு, அதிர்வு வெப்பமாகப் போய்விடுகிறது. தகட்டின் நடுப்பகுதியில் 25 முதல் 30 சதவீதம் ஒட்டினாலே பெரும்பாலான பலன் கிடைத்துவிடும். ஆனால் உங்கள் காரில் கடகடப்பது தகடாகவே இருக்காது. பிளாஸ்டிக் டிரிம் (கதவின் உள்பக்க மூடி), லாக் கம்பி, தொங்கும் வயர் கனெக்டர், நம்பர் பிளேட் இவைதான் வழக்கமான ஆட்கள். இரண்டு கெட்டியான பொருள் உரசினால் ஷீட் என்ன செய்யும்? இடையில் ஃபோமோ துணி டேப்போ வேண்டும்.

முதலில் இதைச் செய்யுங்கள். போனில் ஒரே அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும் டோன் ஜெனரேட்டர் செயலியை வைத்து, கார் ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, 30 ஹெர்ட்ஸிலிருந்து 150 வரை மெதுவாக ஏற்றுங்கள். கடகடப்பு வந்ததும் அங்கேயே நிறுத்திவிட்டு, கூட இருப்பவரைக் கதவில் ஒவ்வொரு இடமாக உள்ளங்கையால் அழுத்தச் சொல்லுங்கள். எங்கே அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அங்கே ஆள் அகப்பட்டான். அப்புறம் கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் (அதற்குக் கீழான ஒலியை வெட்டும் வடிகட்டி) வையுங்கள்.

பேஸ்பிரியன்: 80-ல் வெட்டினால் தவிலின் தொப்பிப் பக்கக் கனம் போய்விடுமே! அதோடு முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். கதவின் உள்தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. ஸ்பீக்கரின் பின்பக்க அலை அவற்றின் வழியாக வந்து முன்பக்க அலையோடு மோதி பேஸைத் தின்றுவிடும். அந்த ஓட்டைகளை அடைத்துப் பாருங்கள், வால்யூம் கூட்டாமலே அடி விழும். இதற்கு ஃபோம் துண்டு போதாது.

மெல்லிசை: ஓட்டை அடைப்பதில் எனக்கு மறுப்பே இல்லை, அது கட்டாயம் செய்ய வேண்டிய வேலை. ஆனால் அது இரண்டு கதவு வேலை. அதற்காகக் கூரையையும் தரையையும் ஏன் பிரிக்க வேண்டும்? 2 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ. சின்ன காரில் அத்தனை எடையை ஏற்றுவது வீண். தொப்பியின் கனத்தை சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும். கதவு ஸ்பீக்கரின் ஒலியும் சப்பின் ஒலியும் சேரும் அதிர்வெண்ணில் பேஸ் மெலிந்தால், சப்பின் ஃபேஸ் சுவிட்சை (அலையைத் தலைகீழாக்குவது) மாற்றிக் கேளுங்கள்.

பேஸ்பிரியன்: கூரை மழைச் சத்தத்துக்கு. ஒட்டியவர்களுக்குத்தான் அந்த அமைதி தெரியும்.

மெல்லிசை: மழைக்கு என்றால் சரி, அந்தக் காரணத்தைச் சொல்லி விற்கட்டும். கடகடப்பைக் காட்டி விற்கக் கூடாது.

ஒர்க்‌ஷாப் தம்பி: எந்த வழியில் போனாலும் சில விஷயங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மூடிவிடாதீர்கள், துரு பிடிக்கும். மலிவான தார் ஷீட் வேண்டாம், மே மாத வெயிலில் உருகி நாறும். ஸ்பீக்கரைப் பொருத்தும் வளையம் எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) என்றால் கதவுக்குள் இறங்கும் மழைநீரில் ஊறி உப்பும், பிளாஸ்டிக்கே நல்லது. சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான அழுத்த சென்சார் கதவுக்குள் இருக்கும். அப்படி இருந்தால் ஓட்டை அடைக்கும் முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

நெடுஞ்சாலை: டோன் வைத்துப் பார்த்தேன். டிக்கி கிர் நம்பர் பிளேட்தான், பின்னால் ஃபோம் டேப் ஒட்டியதும் நின்றுவிட்டது. கதவில் கைப்பிடிக்குக் கீழே அழுத்தினால் சத்தம் பாதியாகிறது.

மெல்லிசை: அங்கே லாக் கம்பி ஓடும். டிரிமைக் கழற்றிக் கம்பிக்குத் துணி டேப் சுற்றுங்கள். கழற்றும்போது கிளிப் உடையும், புதியதை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

பேஸ்பிரியன்: டிரிம் எப்படியும் கழன்றிருக்கும், அன்றைக்கே ஓட்டையையும் அடைத்துவிடுங்கள். கூரை பற்றி அடுத்த மழையில் பேசுவோம்.