'லை', 'லே' குழப்பம்: டியூஷன் எடுப்பவர்கள் ஒரு வழி சொல்லுங்கள்

தக்கலைப் பக்கம், ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழிப் பிள்ளைகள் பத்துப் பேர். மூன்று வாரமாக ஆங்கிலப் பாடம் 'லை' (lie), 'லே' (lay) என்ற வினைகளிலேயே நிற்கிறது.

பொய் சொல்: லை, லைடு, லைடு. கிட: லை, லே, லெயின். கிடத்து: லே, லெய்டு, லெய்டு. மூன்றையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். வலை கரையில் கிடந்தது என்று எழுதச் சொன்னால் மட்டும் 'தி நெட் லெய்டு ஆன் தி ஷோர்' என்று வருகிறது. 'லே' அல்லவா வர வேண்டும்!

அட்டவணை எழுதிப் போட்டது வீண். தமிழ் வழியாகப் போனதுதான் கொஞ்சம் பிடித்தது: எழு, எழுப்பு என்றால் ரைஸ், ரெய்ஸ், விழு, வீழ்த்து என்றால் ஃபால், ஃபெல். அதே ஜோடிதான் கிட, கிடத்து. ஆனால் கோழி முட்டையிடுவதற்கும் 'லே' என்றதும், முட்டையைக் கிடத்துமா என்று ஒரே சிரிப்பு.

'எதை?' என்று கேட்டுப் பதில் வந்தால் கிடத்து, வராவிட்டால் கிட என்றும் சொல்லிப் பார்த்தாயிற்று. 'தி ஹென்ஸ் ஆர் லேயிங்' என்ற வாக்கியத்தில் முட்டையே இல்லாததால் அது உடைந்தது. 'கிடத்து'வின் நிகழ்காலம் என்றால் 'ஹி லேஸ்' என்று வரும்; 'ஹி லே' என்றால் கடைசியில் 'ஸ்' இல்லை, ஆகவே 'கிட'வின் இறந்தகாலம். இது சரியாக வருகிறது. 'தே லே' என்றால் அந்த அடையாளமும் போச்சு.

'தே லே' என்று தொடங்கும் வாக்கியத்தில் எந்த வினை, எந்தக் காலம் என்று பிள்ளைகள் தாமே கண்டுபிடிக்க, என்னென்ன கேள்விகளை எந்த வரிசையில் கேட்கப் பழக்குகிறீர்கள்?