பிக்கப் மூக்கைத் தூக்கி, பிறகு பாதி இறக்கிய கதை: முன் சஸ்பென்ஷன் அனுபவங்கள்

கம்பம்:

செங்கோட்டைத் தம்பி கேட்ட கேள்விக்கு நாலு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை, அதனால் எனக்கு நடந்ததை முழுசாகவே எழுதுகிறேன். "அண்ணே, என் பிக்கப் முன்னாடி தாழ்ந்து பின்னாடி தூக்கி நிற்குது, ரெண்டு இஞ்ச் ஸ்பேசர் (உயரத்தைக் கூட்ட இடையில வைக்கிற வட்டு) போட்டா சமமாகிடும்ங்கிறாங்க, போடலாமா?" என்று கேட்டிருந்தார். நானும் இதே கேள்வியோடு அலைந்தவன்தான்.

வண்டி இசுஸு வி-கிராஸ் பிக்கப், 2019-இல் எடுத்தது. வீடு கம்பத்தில், ஏலத்தோட்டம் வண்டன்மேடு பக்கம். மேலே போகும்போது உரமூட்டை, மருந்து டிரம், தண்ணீர் பைப். இறங்கும்போது காய் சீசனில் உலர்ந்த ஏலக்காய் மூட்டை, போடி ஏலத்துக்கு. கம்பம்மெட்டு ரோடு, குமுளி ரோடு இரண்டிலும் மாறி மாறி ஓடும். தோட்டத்துக்குள் போகும் கடைசி மூன்று கிலோமீட்டர் வெறும் கல் பாதை, அதில் முன் பம்பரின் அடி இரண்டு முறை உரசிவிட்டது. அதுதான் ஆரம்பம். வண்டியைச் சமதரையில் நிறுத்தித் தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்தேன். முன்னால் 86 சென்டிமீட்டர், பின்னால் 92. ஆறு சென்டிமீட்டர் சரிவு. இதைச் சமமாக்கினால் பார்க்கவும் நன்றாக இருக்கும், பம்பரும் தப்பிக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

வெளியூர்ப் பட்டறை ஒன்றில் முன் ஷாக் அப்சார்பரின் தலைக்கு மேல் ஸ்பேசராக அலுமினிய வட்டு வைத்தார்கள். கனம் 25 மில்லிமீட்டர்தான், ஆனால் முன்பக்கம் ஐந்து சென்டிமீட்டர் ஏறியது. எப்படி என்று பலருக்குக் குழப்பம் வரும். இந்த வண்டிகளில் முன்னால் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம் (இரும்புக் கை) பிடித்திருக்கும், ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்து கீழ் ஆர்மின் நடுவாட்டில் உட்கார்ந்திருக்கும், சக்கரமோ ஆர்மின் நுனியில். அதனால் ஷாக்கைக் கொஞ்சம் தள்ளினாலே சக்கரத்தில் அது ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை தெரியும். இரண்டு இஞ்ச் உயர இரண்டு இஞ்ச் கனத்தில் வட்டு வாங்குபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, வண்டி சமமாக நின்றது. காலியாக ஓட்டியவரை எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் 12 மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ, மொத்தம் 600 கிலோ உரம் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் குமுளி ரோட்டில் ஏறினேன். லோயர் கேம்ப் தாண்டியதிலிருந்து எதிரே வந்த வண்டி எல்லாம் லைட்டை அடித்து அடித்து அணைத்தது. நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் கேரள பஸ் டிரைவர் பக்கத்தில் நிறுத்தி, "சேட்டா, லைட் கண்ணிலேக்காணு அடிக்குந்நது, ஒந்நும் காணான் பற்றுந்நில்ல" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அந்த ரோட்டில் எதிரே வருபவருக்கு ஒரு நொடி கண் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பது அங்கே ஓட்டியவர்களுக்குத் தெரியும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அதே சுமையோடு டேப் வைத்தேன். முன்னால் 91, பின்னால் 85. மூக்கு ஆறு சென்டிமீட்டர் மேலே! வட்டு இல்லாமல் இருந்திருந்தால் முன்னால் 86, பின்னால் 85, கிட்டத்தட்டச் சமம். அப்போதுதான் உறைத்தது. கம்பெனி விட்ட சரிவு குறை அல்ல, சுமை ஏற்றும்போது பின்னால் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) உட்காருவதற்காக விட்ட இடம் அது. நான் காலி வண்டியைச் சமமாக்கி, வேலை செய்யும் வண்டியைக் கோணலாக்கியிருந்தேன்.

மற்றத் தொந்தரவுகள் ஒவ்வொன்றாக வந்தன. குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் 'டொக்' என்று ஒரு சத்தம். வட்டு ஷாக்கை நீளமாக்காது, அதன் இடத்தைத்தான் கீழே தள்ளும். அதனால் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஆர்ம் கம்பெனி கணக்கை விடக் கீழே போகிறது, ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் பால் ஜாயின்ட் அதன் எல்லையில் போய் முட்டுகிறது. மேலே ஏறும்போதும் கதை அதுதான், ஆர்ம் மேலே வந்து முட்டும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே ஷாக்கின் உள்ளே அடி விழும். ஸ்டீயரிங் வளைவு முடிந்து தானாக நேராவது மந்தமாகிவிட்டது, காரணம் காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) குறைந்தது. டயரின் வெளி ஓரம் தேய ஆரம்பித்தது, அது கேம்பர் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்) மாறியதால். பட்டறைக்காரர் "அலைன்மென்ட் பண்ணியாச்சு" என்றார், ஆனால் அவர் பார்த்தது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்புறம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான். தூக்கிய வண்டிக்குக் கேம்பர், காஸ்டர், டோ மூன்றையும் பார்த்து, அளவை அச்சடித்துத் தரும் இடத்துக்குப் போக வேண்டும். நான் மதுரைக்குப் போனேன்.

எட்டாவது மாதம் வலது பக்க சி.வி. ஜாயின்ட்டின் (முன் ஆக்ஸில் வளைந்தபடியே சுற்ற உதவும் மூட்டு) ரப்பர் பூட், அதாவது உறை, கிழிந்து ரிம்முக்குள் எல்லாம் கிரீஸ். ஆக்ஸில் எந்நேரமும் அதிகக் கோணத்திலேயே சுற்றினால் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசும். சேற்றுப் பாதையில் ஓடும் வண்டிக்கு பூட் கிழிந்தால் ஜாயின்ட் போக அதிக நாள் ஆகாது. என்னுடையது தப்பித்தது, கழுவி கிரீஸ் அடைத்துப் புது பூட் போட்டதோடு முடிந்தது.

அதன் பிறகுதான் ஒழுங்காக விசாரித்தேன். ஸ்பிரிங்குக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே வைக்கும் இன்னொரு வகை ஸ்பேசர் உண்டு, அது ஷாக்கின் முழு நீளத்தை மாற்றாது, அதனால் ஆர்ம் எல்லை தாண்டாது. ஆனால் ஸ்பிரிங் முன்கூட்டியே அதிகமாக அமுங்கி இருப்பதால் சின்னக் குழிகூடத் தெரியும், கீழே இறங்க மிச்சமிருக்கும் தூரமும் குறைவு. இந்த வேலையை வீட்டில் யாரும் செய்யாதீர்கள், அமுக்கி வைத்த ஸ்பிரிங் நழுவினால் எலும்பு மிஞ்சாது. கடைசியாக நான் போட்டது 30 மில்லிமீட்டர் உயர்த்தும் ஸ்பிரிங், அதற்கேற்ற நீளத்தில் கேஸ் (வாயு அடைத்த) ஷாக், இரண்டும் சேர்ந்த செட். முன் ஜோடி மட்டும் அறுபதாயிரத்தைத் தாண்டியது. கூடவே பின்னால் சுமைக்குத் துணையாக ஒரு ஹெல்பர் பட்டை. இப்போது காலியாக முன்னால் 89, பின்னால் 93. 600 கிலோ ஏற்றினால் 89, 88. ஹெட்லைட்டை அதே சுமையோடு சுவரில் அடித்து, பெட்ரோமாக்ஸ் மாதிரி மேலே வீசாமல் இறக்கி வைத்தேன். 'டொக்' சத்தம் போய்விட்டது. பம்பர் இதுவரை உரசவில்லை. மூன்று சென்டிமீட்டரே அந்தக் கல் பாதைக்குப் போதும் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் நடுவில் செலவான பணம் மிஞ்சியிருக்கும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். எல்லை தாண்டினால் கேரளத்தில் இதைக் கறாராகவே பார்க்கிறார்கள். வாங்குவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.

வேலந்தாவளம்:

அண்ணா, நீங்க எழுதினதைப் படித்ததும் என் வண்டி ஞாபகம் வந்தது. நான் பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே தேங்காய் ஓட்டுகிறேன். என் வண்டியில் முன்சொந்தக்காரர் பம்பருக்கு முன்னால் இரும்பு கார்டும், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் போட்டிருந்தார், சேர்த்து 90 கிலோ இருக்கும். மூக்கு தரையைப் பார்த்துத் தொங்கியது. நானும் ஸ்பிரிங் மாற்றத்தான் பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி சுற்றி வந்து பார்த்துவிட்டு, "முதல்ல இந்தக் கார்டைக் கழட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றார். கழற்றியதும் ஒன்றரை சென்டிமீட்டர் தானாக ஏறியது. 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் இந்தக் கார்டுகள் கூடாது என்று சொல்லிவிட்டதே, அந்தத் தலைவலியும் அன்றோடு போனது. வின்ச் நிஜமாகவே வேண்டியவர்கள் அந்த எடைக்குச் சேர்ந்த கனமான ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்குங்கள். எடை இல்லாமல் கனமான ஸ்பிரிங் போட்டால் காலி வண்டி கட்டை வண்டி மாதிரி குதிக்கும்.

ஆரம்பாக்கம்:

எங்கள் பக்கம் தடா, சூளூர்பேட்டை வரை மீன் பெட்டியும் ஐஸும் ஓடும். என்னுடையது பழைய டார்ஷன் பார் வண்டி, முன்னால் காயில் ஸ்பிரிங்கே கிடையாது, நீளமான இரும்புத் தண்டு முறுக்கிக்கொண்டு வண்டியைத் தாங்கும். அதன் பின் நுனியில் உள்ள போல்ட்டை இறுக்கினால் முன்பக்கம் ஏறிவிடும், பைசா செலவில்லை. அதனாலேயே ஆசை கூடிவிடும். நான் இரண்டு பக்கமும் எத்தனை சுற்று என்று எண்ணாமல் இறுக்கி, மேல் ஆர்ம் கீழே இறங்கும் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துவிட்டது, ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகில் குத்தியது. இப்போது முதலில் பெயின்ட்டால் அடையாளம் போட்டுவிட்டு, ஜாக்கியில் தூக்கி எடையை எடுத்த பிறகே திருப்புகிறேன். இரண்டு பக்கமும் ஒரே சுற்று என்றும் வைக்க முடியாது, டேப் சொல்வதுதான் கணக்கு. இரண்டரை சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொண்டேன்.

செங்கோட்டை:

அண்ணன்மாருக்கு நன்றி. ஸ்பேசருக்கு ஐந்நூறு ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தேன், போய்த் திரும்ப வாங்கிவிட்டேன். நேற்றுப் பாவூர்சத்திரம் சந்தையில் தக்காளி, வெண்டைக்காய் எல்லாம் சேர்த்து 500 கிலோ ஏற்றிக்கொண்டு புனலூருக்குக் கிளம்புமுன் அளந்தேன். காலியாக முன் 86, பின் 91½. சுமையோடு முன் 86, பின் 85½. உண்மையிலேயே சமமாக நிற்கிறது, இத்தனை நாள் சுமையோடு தள்ளி நின்று பார்த்ததே இல்லை. ஆரியங்காவு இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மூக்கு ரொம்பக் குத்துகிறது, அதுதான் இப்போது உறுத்தல். அதற்கு ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா?

கம்பம்:

வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது தம்பி? எண்பதாயிரம் தாண்டியிருந்தால் முதலில் முன் ஷாக்கில் ஆயில் கசிவு இருக்கிறதா பாருங்கள். முன் மூலையை அழுத்தி விட்டால் ஒரு தடவை எழுந்து நின்றுவிட வேண்டும், இரண்டு மூன்று தடவை ஆடினால் ஷாக் போய்விட்டது என்று அர்த்தம். அப்படியென்றால் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள், கம்பெனி உயரத்துக்கே நல்ல ஷாக் ஜோடியாக மாற்றினால் போதும். கீழ் ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷும் பார்க்கச் சொல்லுங்கள், அது கிழிந்திருந்தாலும் பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பகல் வெளிச்சத்திலேயே, எஸ் வளைவுப் பக்கம் ஓரமாக நிறுத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.